நாலு விரல் இடைவெளி

என் வீட்டுக்காரர் கமலக்கண்ணனைப் பற்றி நகரியில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். தறி பிட்டர். சொந்தமாக நாலு பவர்லூம் ஓட்டுகிறோம். அதுபோக எங்கள் தெருவில் எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பெற்ற தாயை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார் என்று வேறு சொல்வார்கள். அந்தக் கடைசிப் பேச்சு வரும்போது மட்டும் அவர் குனிந்து செருப்பைத் தேடுவார். ஏன் என்று எனக்குத் தெரியும். அதில் நானும் கூட்டு. அதனால் இதை எழுதும்போது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் தை கழிந்ததும் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினோம். வெள்ளை நிறம். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. நாற்பது வயதில் முதல் கார் வாங்கின மனுஷன் எப்படி இருப்பாரோ அப்படித்தான் இருந்தார். ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தார். பூனை மேலே ஏறினால் பூனையை விட்டுவிட்டுப் பூனை வளர்க்கிற வீட்டோடு சண்டைக்குப் போனார்.

ஒரு மாதம் ஆனதும் ஒரு குறை கண்டுபிடித்தார். டயருக்கும் அதன் மேல் வளைந்து வருகிற தகரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாம். கையை உள்ளே விட்டுக் காட்டினார்.

“நாலு விரல் பூந்துகினு போவுது பாரு அகிலா. கால்சட்டய மடிச்சிக்கினு தண்ணில நிக்கற ஆளு மாதிரி கீது.”

துணியில் ஒரு இழை விட்டுப்போனால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண் அது. அந்தக் கண்ணுக்கு அந்த நாலு விரல் உறுத்த ஆரம்பித்துவிட்டது. கரண்ட் போகும் நேரமெல்லாம் தறிக்கூடத்தில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தார். எல்லாம் தரையோடு தரையாக ஊர்ந்து போகிற கார்கள். எனக்கும் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

“நம்ப தெருவுல இது எப்படிப் போவும்?” என்று கேட்டேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புக்காக ரோட்டைக் குறுக்கே வெட்டி, மேலே சிமெண்ட்டைக் கொட்டி மேடாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வாசலிலிருந்து மெயின் ரோடு போவதற்குள் பதினொரு மேடு. அவர் அடுத்த வீடியோவை ஓடவிட்டார். ஆசை வந்த ஆளுக்குக் காது அவ்வளவாகக் கேட்காது.

ஒரு புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பதி ஆட்டோ நகருக்குப் போனார். அங்கே கோவர்த்தனன் என்பவர் இந்த வேலை மட்டும் செய்கிறார். புத்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை.

“வண்டில யாரு யாரு குந்துவாங்க? எந்த ரோட்ல ஓட்டுவீங்க?”

“நான் ஒருத்தன்தாண்ணா. எப்பனா வீட்ல கூட வருவாங்க. எல்லாம் மெயின் ரோடுதான்.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாதம் ஒரு தடவை என் மாமியார் ரத்னம்மாவை முட்டி வலிக்காகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதற்கும் அதே வண்டிதான். நான் வாயைத் திறக்கவில்லை.

கோவர்த்தனன் விவரமாகச் சொன்னார். ஏற்றி இறக்கிக்கொள்கிற மாதிரி முழு செட் வருகிறது, ஆனால் அது வண்டி விலையில் பாதி கேட்கும், வேண்டாம் என்றார். கம்மி செலவில் சொகுசு கெடாமல் வேண்டுமென்றால் இந்த வண்டிக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் நாலு போடலாம். அதோடு ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும், பழசு களைத்துப் போயிருக்கிறது. அடியில் இடிபடாமல் தாங்குகிற ரப்பரும் புதுசு போட வேண்டும். கடைசியில் அலைன்மெண்ட்.

“ஒரு இஞ்ச், மிஞ்சிப்போனா ஒண்ணேகால். அதுக்கு மேல எறக்கினா குந்தறவங்க இடுப்பு போய்டும்ணா. சில பேரு இருக்கற ஸ்பிரிங்கயே அறுத்துடறாங்க. அத மட்டும் செஞ்சிடாதீங்க.”

விலை சொன்னார். கமலக்கண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். வடமாலப்பேட்டை டோல்கேட் தாண்டியதும் தன்பாட்டுக்குச் சொன்னார்:

“ஸ்பிரிங்கப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறாரு.”

இங்கே அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தறியில் குறுக்கு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டைக்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. ஓடி ஓடி அது தளர்ந்துவிடும். புதுசு வாங்காமல், பிட்டர்கள் அதில் இரண்டு சுற்றை அறுத்துவிட்டு முனையை வளைத்து மாட்டுவார்கள். அறுத்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், கட்டை பளிச்சென்று திரும்பும், தறி ஜோராக ஓடும். இருபது வருஷமாக இதைச் செய்து நல்ல பேர் வாங்கியவர். தறிக்கு விறைப்புதான் வேண்டும், மனுஷர் உட்காருகிற வண்டிக்கு அந்த விறைப்புதான் ஆகாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கோவர்த்தனன் வேண்டாம் என்று சொன்னதை வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து நாலு ஸ்பிரிங்கையும் கழற்றினார். தறிக்கூடத்து வாசலில் கிரைண்டரை வைத்து அறுத்தார். நெருப்புப் பொறி பறந்தது. மாமியார் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். மகனை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

“இன்னா நைனா, நல்லா கீற வண்டிய இன்னாத்துக்கு அறுக்கற?”

இவர் நிமிரக்கூட இல்லை. ஒரு நொடி யோசித்திருப்பாரா தெரியாது.

“உனக்காகத்தாம்மா. ஏற முடியாம கஷ்டப்படறியே. கீழ எறக்கிட்டா சுளுவா ஏறி குந்திக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள்கூட அந்த நாலு விரலைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் தெரிந்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, மகன் அறுத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் வண்டி தயார். நாலு விரல் போன இடத்தில் ஒரு விரல்தான் போனது. நிஜமாகவே அழகாக இருந்தது. தெருப் பையன்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். எதிர்வீட்டு மனோரமா வந்து, “இன்னா ரத்னம்மாக்கா, வண்டி தரையோட ஒட்டிக்கினு கீது?” என்று கேட்டார். மாமியார் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “என் முட்டி வலிக்காக எறக்கிக் குடுத்தான் என் புள்ள.”

அன்று ஆரம்பித்தது. நூல் சுற்ற வந்த பெண்களிடம் சொன்னார். ரேஷன் கடையில் சொன்னார். நாகலாபுரத்தில் இருக்கிற தன் தங்கை சென்னம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னார். அந்தத் தெருவில் பிள்ளைகள் மேல் குறைப்பட்டுக்கொள்ளாத கிழவி கிடையாது. அவர்கள் எல்லாம் கமலக்கண்ணனைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்ட ஆரம்பித்தார்கள். இவருக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. நாலு நாளில் பழகிவிட்டது. பாராட்டு அப்படித்தான், பொய்யானதாக இருந்தாலும் காதுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

வண்டி மட்டும் குளிர்ச்சியாக இல்லை. முதல் மேட்டிலேயே தெரிந்துவிட்டது. அடியில் இடி மாதிரி ஒரு சத்தம், அது நேராக முதுகுத்தண்டில் ஏறியது. பதினொரு மேடும் தாண்டுவதற்குள் எனக்கே பல் கூசியது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாய்டும்” என்றார். அறுத்த ஸ்பிரிங்கில் புதுசு என்ன பழசு என்ன.

முன்சீட்டில் மாமியார் இருந்தார். மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடிக்கும் கண்ணை மூடித் திறந்தார். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. “எப்படிம்மா கீது?” என்று மகன் கேட்டதற்கு, “சொகமா கீது நைனா” என்றார். இறங்கும்போது கால் தரையில் ஊன்றியது, ஆனால் உடம்பு எழவில்லை. சீட் அவ்வளவு கீழே போய்விட்டது. கதவை ஒரு கையாலும் மகனை ஒரு கையாலும் பிடித்துத் தொங்கி எழுந்தார். பார்த்தவர்கள், பிள்ளை எப்படித் தாங்கி இறக்குகிறான் பார் என்றார்கள்.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டாவது தடவை கிளம்பும்போது மாமியார் பழைய புடவைகளை நாலாக மடித்துத் தைத்த மெத்தை ஒன்றை எடுத்து வந்து சீட்டில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். “சீட்டு வெயில்ல சுடுது” என்றார். வண்டி நிழலில்தான் நின்றது. வந்து இறங்கிய பிறகு வெந்நீர்ப் பையை முதுகில் வைத்துக்கொண்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதும் எனக்குத் தெரியும். வெந்நீர் வைத்துக் கொடுத்ததே நான்தான்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை? இதைத்தான் எழுத வராமல் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். ஐந்து வருஷமாக மாமியார் காலுக்குத் தைலம் தேய்க்கிறவள் நான். வார்டு சச்சிவாலயம் என்கிற அரசு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை முடித்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் தேய்த்திருக்கிறேன். அதை ஒரு நாளும் யாரிடமும் அவர் சொன்னதில்லை. மகன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஸ்பிரிங்கை அறுத்தான், அதை ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்லா அனுபவிக்கட்டும் என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. எழுபது வயதுக் கிழவியின் முதுகில் விழுகிற அடியில் சந்தோஷப்பட்டவள் நான். இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

சித்திரையில் சென்னம்மா வீட்டில் பேத்திக்குக் காது குத்தினார்கள். நாகலாபுரம் போவதென்றால் மாமியார் இரண்டு நாள் முன்னாலேயே பையைக் கட்டி வைத்துவிடுவார். வேதநாராயண சாமி கோயிலில் ஒரு சுற்று சுற்றாமல் திரும்ப மாட்டார். அந்தத் தடவை, “நூலு நெறைய கீது, நீங்க போய்ட்டு வாங்க” என்றார். இவர் வற்புறுத்தவும், “எனக்கு ஒடம்பு முடியல நைனா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கை வீட்டு விசேஷத்தை அவர் தவறவிட்டது அதுதான் முதல் தடவை. போகும் வழியில் இவர் என்னைக் கேட்டார்: “அம்மாவுக்கு இன்னா ஆச்சி?” நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு இன்னா தெரியும்” என்றேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி முறை வந்தது. அதற்கு வராமல் இருக்க முடியாது. டாக்டர் முட்டியைப் பார்த்துவிட்டு, அவர் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்து முதுகைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடத்தில் மாமியார் துள்ளிவிட்டார்.

“ஏமம்மா, ஆட்டோலோ வச்சாவா?” என்று, ஆட்டோவில் வந்தாயா என்கிற அர்த்தத்தில் தெலுங்கில் கேட்டார்.

“லேது சார், கார்லதான் வந்தன். என் புள்ள எனக்காக வண்டிய எறக்கிக் கட்டிக் குடுத்துக்கீறான். ரொம்ப சொகமா கீது சார்.”

டாக்டர் இவரைப் பார்த்தார். அதட்டவில்லை. இடுப்பில் நல்ல அடி வாங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் படுக்கையில் விழுந்துவிடுவார், வண்டியில் குலுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதினார். இவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நின்றபோது என்னிடம் திரும்பாமலே கேட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “நான்தானே ஓட்னேன், எனக்கே தெரியல” என்று மட்டும் சொன்னார். அப்புறம், “தெரியலன்னும் சொல்ல முடியாது” என்றார்.

அங்கிருந்து நேராக ஆட்டோ நகருக்கு விட்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நடக்கிற வேகத்தில் போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கோவர்த்தனன் வண்டியைப் பார்த்ததும் அறுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டு உதட்டைப் பிதுக்கினார். நாங்கள் இறங்குவதற்குள் மாமியார் ஜன்னல் வழியாக அவரிடம் ஆரம்பித்துவிட்டார்.

“பாத்தியா தம்பி, என் முட்டி வலிக்காகத்தான் எறக்கினான் என் புள்ள. ஒண்ணும் கொற சொல்லிடாத.”

கோவர்த்தனனுக்கு ஞாபகம் இருந்தது. வண்டியில் நான் ஒருத்தன்தான் என்று இவர் சொன்னது அவர் முகத்தில் அப்படியே வந்து போனது. இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். அந்தக் கடையில் ஸ்பேனர் பிடித்திருந்த ஆள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கோவர்த்தனன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் உடைந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

“ஓ, அம்மாவுக்காகவா” என்றார். “சரி, கொஞ்சம் எறங்குங்கம்மா, பாக்கறேன்.”

மாமியார் வழக்கம்போல் கதவைப் பிடித்துத் தொங்கி எழுந்தார். மூன்றாவது முயற்சியில்தான் எழ முடிந்தது. கோவர்த்தனன் இவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். நானும் போனேன்.

“முட்டி நோவு கீறவங்களுக்கு ஏறுறது கஷ்டமில்லண்ணா, எழுந்துக்கறதுதான் கஷ்டம். சீட்டு எவ்ளோ கீழ போவுதோ அவ்ளோ அவஸ்த. எங்க அம்மாவுக்கும் இதே முட்டிதான்.”

அதாவது அந்தப் பொய், பொய்யாகக்கூட உருப்படியான பொய் இல்லை. மனசார அம்மாவுக்காகச் செய்ய நினைத்திருந்தால், செய்திருக்கவே கூடாத வேலை அது.

பிறகு கோவர்த்தனன் இரண்டு வழி சொன்னார். யாரோ கழற்றிக் கொடுத்த நல்ல குட்டை ஸ்பிரிங் செட் ஒன்று பாதி விலைக்கு இருக்கிறது. ஒரு இஞ்ச்தான் இறங்கும், நல்ல ஷாக்கோடு போட்டால் குலுங்காது, முதுகுக்கும் கெடுதல் இல்லை. இல்லையென்றால் இதே மாடல் உடைந்த வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஸ்பிரிங், பழைய உயரம், அது இன்னும் மலிவு. “முதுகுக்கு ரெண்டும் ஒண்ணுதான். முட்டிக்குதான் வித்தியாசம்” என்றார்.

இவர் அந்தக் குட்டை ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிவப்புப் பெயிண்ட் அடித்தது. கட்டை விரலால் சுற்றுகளைத் தடவினார். ஒரு இஞ்ச் இறங்கினால் இடைவெளி ரெண்டரை விரல்தான் இருக்கும் என்று அவர் மனசு கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் போட்டது. அதை நான் பார்த்துவிட்டேன் என்றும் அவருக்குத் தெரிந்தது. ஸ்பிரிங்கை வைத்துவிட்டு, “பழய ஒயரமே போட்டுடுங்கண்ணா” என்றார்.

வேலை முடிய மதியம் ஆனது. புது ஷாக், புது ரப்பர், அலைன்மெண்ட். திரும்பி வரும்போது மாமியார் புத்தூர் வரை தூங்கிக்கொண்டே வந்தார். அந்த வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எங்கள் தெருவின் பதினொரு மேட்டையும் வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. வாசலில் நின்றதும் மாமியார் கதவைத் திறந்து காலை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார்.

மனோரமா வாசலிலேயே இருந்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“இன்னா கமலக்கண்ணா, வண்டி மறுபடி ஏறிக்கிச்சி? ஆத்தாளுக்காக எறக்கினேன்னு சொன்ன?”

இரண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் வாயைத் திறந்தார். சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

“நான்தான் ஏத்தச் சொன்னேன். கீழ குந்தினா எனக்குத் தல சுத்துது. பாவம், எனக்காக ரெண்டு வாட்டி அலஞ்சான் புள்ள.”

மனோரமா, “கொடுத்து வச்சவ நீ” என்றார். இவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். சொல்ல இருந்த ஒரே சந்தர்ப்பம் அது. அதையும் தாயே வந்து மூடிவிட்டார்.

உள்ளே வந்ததும் மாமியார் அந்தப் புடவை மெத்தையை என்னிடம் நீட்டினார். “இத எடுத்து உள்ள வை அகிலா. இனிமே வேணாம்” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வெயில் சூடு என்று சொன்ன மெத்தை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவர் குழாயடியில் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமியார் ஜன்னல் வழியாக வாசலில் நிற்கும் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகனிடம், கேலியோ கோபமோ துளியும் இல்லாமல் சொன்னார்.

“கீழ இருந்தப்பதான் அழகா இருந்துச்சி, இல்ல நைனா?”

இவர் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பாமலே, “சாப்புடும்மா, மாத்திர போடணும்” என்றார். நான் போய் தட்டைக் கழுவி எடுத்து வந்தேன்.